தாமரை இலை மட்டும் போதாது

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அறிவியல் மன்றக் கூட்டமானாலும் சரி, பேச்சுப் போட்டியானாலும் சரி, ‘இயற்கையே நம் ஆசான்’ என்று தொடங்குகிற பேச்சில் தாமரை இலை வராமல் இருப்பதில்லை. இலைமேல் விழுந்த நீர்த்துளி முத்துப்போல் உருண்டோடுகிறது; ஓடும்போது தூசியையும் துடைத்துக்கொண்டு போகிறது; அதைப் பார்த்து மேனாட்டார் அழுக்குப் படியாத வண்ணப்பூச்சும் நனையாத துணியும் செய்துவிட்டார்கள்; இனி மனித உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கும் அதே பூச்சைப் பூசிவிட்டால் புரதம் ஒட்டாது, இரத்தம் உறையாது, நோயாளி பிழைத்துக்கொள்வார். இப்படிப் பேச்சு முடியும். கைதட்டலும் கிடைக்கும்.

நான் எழுத வந்தது அந்தக் கைதட்டலுக்குச் சற்று மாறானது. தாமரை இலைமீது எனக்குப் பகை ஏதும் இல்லை. ஆனால் இரத்தத்துக்குள் வேலை செய்ய வேண்டிய பூச்சுக்கு அது ஏற்ற ஆசான் அன்று. இரத்தத்திலேயே வாழும் மேற்பரப்பு ஒன்று நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது. அதைத்தான் குருவாகக் கொள்ள வேண்டும். அப்படிச் செய்த பூச்சையும் இரத்தத்திலேயே சோதிக்க வேண்டும். குடுவையில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பார்த்துவிட்டு ‘வெற்றி’ என்று எழுதக் கூடாது. இவ்விரண்டும்தான் என் கட்சி.

முதலில், புரதம் எப்படிப்பட்ட பொருள் என்று பார்ப்போம். பாடப்புத்தகம் அதை அமினோ அமிலங்களின் தொடர் என்கிறது. என் அப்பத்தாவைக் கேட்டால், ‘முட்டை அடித்த கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றாதே, பச்சைத் தண்ணீரில் கழுவு’ என்பார். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. புரதத் தொடர் நூல்பந்து போல மடிந்து கிடக்கிறது. நீரை விரும்பும் பகுதிகள் வெளியே; நீரை வெறுக்கும், எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் பெரும்பாலும் உள்ளே. வெந்நீர் பட்டதும் பந்து அவிழ்கிறது. உள்ளே இருந்தவை வெளியே வந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இந்த ஒட்டும் குணத்தை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரை ஒருமுறையேனும் தடவிப் பார்க்காதவர் இக்கல்லூரியில் இருக்க முடியாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு அது. வெள்ளைக்கருவில் உள்ள புரதம் சுண்ணாம்புத் துகள்களை இறுகக் கட்டுகிறது. நூறாண்டு கடந்தும் கண்ணாடிபோல் பளபளக்கும் சுவர்கள் இன்றும் கானாடுகாத்தானில் இருக்கின்றன. அங்கே ஒட்டுவது வரம். உடம்புக்குள் வைத்த குழாயில் அதே ஒட்டுதல் சாபமாகி விடுகிறது.

பால் பதனிடும் ஆலைகளைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. சூடான உலோகத் தகடுகளுக்கிடையே பால் ஓடும்போது மோர்ப்புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் தகட்டில் படிந்து வழியை அடைக்கின்றன. வீட்டில் பால் அடிப்பிடிப்பதுதான் ஆலையிலும் நடக்கிறது. அவர்கள் ஓட்டத்தை நிறுத்திக் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் விட்டுக் கழுவுகிறார்கள். மறுபடி பாலை ஓட்டுகிறார்கள். இதய வால்வை அப்படிக் கழுவ முடியுமா? எனவே உடலுக்குள் செல்லும் கருவிக்குத் தொடக்கத்திலேயே ஒட்டாத மேனி வேண்டும்.

நம் இரத்தத்தின் பிளாஸ்மாவில் 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின். அந்நியப் பொருள் ஒன்று இரத்தத்தில் நுழைந்ததும், செல்கள் வந்து சேர்வதற்கு முன்பே, சில நொடிகளில் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் வந்து உட்காருவது எண்ணிக்கையில் மிகுந்ததும் சிறியதுமான அல்புமின். சற்று நேரத்தில் குளோபுலின் வந்து அதை எழுப்பிவிட்டு உட்காருகிறது. பின்னர் ஃபைப்ரினோஜன் வந்து குளோபுலினை எழுப்புகிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவனை வலுத்தவன் எழுப்புவது போன்ற கதை. இதை 1960-களில் ஆராய்ந்து கூறியவர் லியோ வ்ரோமன். டச்சு நாட்டில் 1915-இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய இரத்தவியல் அறிஞர். டச்சு மொழியின் புகழ்பெற்ற கவிஞரும் அவரே. (அறிவியல் மாணவருக்குக் கவிதை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.) ஃபைப்ரினோஜன் உட்கார்ந்துவிட்டால் இரத்தத் தட்டுகள் அதைப் பற்றிக்கொள்கின்றன, கட்டி உண்டாகிறது. கிருமிகளுக்கும் அந்தப் படிவே பாய் விரித்த இடமாகிறது.

இதெல்லாம் ஏதோ மேனாட்டுச் சோதனைச்சாலைச் சங்கதி என்று எவரும் எண்ண வேண்டாம். என் சித்தப்பா வாரம் இருமுறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்தக் கருவியின் உருளைக்குள் மயிரிழை போன்ற உள்ளீடற்ற நார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் உட்பரப்பையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கோரைப்பாய் அளவு வரும். அந்தப் பாய் முழுதும் இரத்தம் படுகிறது, புரதமும் படிகிறது. இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுக்கிறார்கள். ஹெபாரின் கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் நாரில் அடைப்பு. செலவைக் குறைப்பதற்காக ஒரே உருளையைக் கழுவி அதே நோயாளிக்கே மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. நார்களின் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அதை விலக்கிவிட வேண்டும் என்பது முறை. அந்த எண் எத்தனை நாளில் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் படிவுக்கும் உறைதலுக்கும் பெரும்பங்கு உண்டு. சித்தப்பாவுக்குக் கழுத்தில் செருகியிருந்த குழாய் ஒருமுறை அடைத்துக்கொண்டு மாற்ற வேண்டியதாயிற்று. மருத்துவர்மீதோ செவிலியர்மீதோ குற்றமில்லை. குழாயின் மேனி அப்படி.

இதய வால்வின் கதையும் இதுவே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இந்திய வால்வு 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் வாழ்வு பெற்றிருக்கிறார்கள். நம் நாட்டு அறிவியலின் பெருமைகளில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட எந்த வால்வையும் தாங்குபவர், அது இந்நாட்டதாயினும் அமெரிக்க நாட்டதாயினும், இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கூலி வேலை செய்யும் ஒருவர் அதற்காக இளையான்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஒட்டாத பூச்சு ஒன்று உண்மையிலேயே அமைந்தால் யாருக்கு விடுதலை என்பதை இதிலிருந்து உணரலாம்.

இப்போது தாமரை இலைக்கு வருவோம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட் என்னும் தாவரவியல் அறிஞர் தம் துணைவர் நைன்ஹுயிஸுடன் 1997-இல் இதன் காரணத்தை விளக்கினார். இலையின் மேல் நுண்ணிய மேடுகள். மேடுகளின்மேல் அதனினும் நுண்ணிய மெழுகுத் துகள்கள். நீர்த்துளி மேடுகளின் உச்சியில் மட்டுமே தொடுகிறது. இடைவெளியில் காற்று நிற்கிறது. அதனால் துளி இலையோடு ஏற்படுத்தும் கோணம் 150 பாகைக்கும் மேல். ஆக, இலையைக் காப்பது மெழுகும் காற்றும்.

இந்த ஏற்பாடு மழைநீருக்குப் போதும். இரத்தத்தில் என்ன ஆகும்? முதலாவது, துளி என்று ஒன்று அங்கே இல்லை. பரப்பு முழுதும் எந்நேரமும் மூழ்கியே கிடக்கிறது. காற்று சிறிது சிறிதாகக் கரைந்து போகும்; அழுத்தம் அதை விரைவுபடுத்தும். இரண்டாவது, காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையிலேயே புரதம் அவிழ்ந்து படியும். முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நிலைத்து நிற்பதன் காரணம் அதுதான். மூன்றாவது, காற்று போனபின் மிஞ்சுவது மெழுகுத்தன்மையுள்ள, நீரை வெறுக்கும், மேடுபள்ளத்தால் பரப்பளவு பெருகிய ஒரு தளம். புரதத்துக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது! குறுகிய நேரச் சோதனைகளில் இத்தகைய பூச்சு நன்மை செய்ததாகக் கூறும் ஆய்வுகளும் உண்டு. அவற்றைப் பொய்யென்று சொல்ல நான் யார்? ஆனால் காற்று இருக்கும்வரைதான் அந்த நன்மை.

சுறாத்தோலைப் பற்றியும் ஒரு சொல். சுறாவின் தோல் வரிகளைப் பார்த்து அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்துப் பிரென்னன் என்பவர் ஒரு பரப்பை உருவாக்கினார். கப்பலின் அடியில் பாசி பிடிக்காதிருக்கத் தொடங்கிய முயற்சி அது. இன்று மருத்துவக் குழாய்களில் கிருமி தங்காதிருக்கவும் முயல்கிறார்கள். அதன் வரிகளின் அகலம் சுமார் 2 மைக்ரோமீட்டர். கிருமியின் அளவும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். ஆகவே கிருமிக்கு அது தடையாகலாம். அல்புமின் மூலக்கூறோ ஏழெட்டு நானோமீட்டர்தான். கடுகுக்கு ஆட்டுரல் எவ்வளவு பெரிதோ, அல்புமினுக்கு அந்த வரி அவ்வளவு பெரிது. ஆட்டுரலில் வரி போட்டுக் கடுகு ஒட்டாமல் தடுக்க முடியுமா? கிருமிக்குச் சொன்ன மருந்தைப் புரதத்துக்கும் சேர்த்துச் சொல்வது அளவறியாப் பேச்சு.

அப்படியானால் யார் குரு? நம் சிவப்பணு. சுமார் 120 நாள் புரதக் கரைசலிலேயே நீந்துகிறது; எதனோடும் ஒட்டுவதில்லை. அதன் சவ்வின் வெளிப்புறத்தில் பாஸ்போரில்கோலின் என்னும் தலைப்பகுதி கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. அதே சவ்வின் உட்புறத்திலோ எதிர் மின்னூட்டமுள்ள வேறுவகைக் கொழுப்புகள் உள்ளன. இவை வெளியே தலைகாட்டினால் இரத்தம் உறையத் தொடங்கும். வெளிப்பக்கம் அமைதி, உட்பக்கம் அபாயம்! ஒரே சவ்வின் இரு முகங்களை ஒப்பிட்டு இயற்கையே நமக்குச் சோதனை செய்து காட்டியிருக்கும்போது நாம் குளத்துக்குப் போவானேன்?

பாஸ்போரில்கோலினில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் அருகருகே உள்ளன. மொத்தத்தில் மின்னூட்டம் சுழி. கிளைசீனைப் பற்றி முதலாண்டில் படித்த அதே சுவிட்டர் அயனி வடிவம். இரு மின்னூட்டங்களும் நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து ஒரு நீர்ப்போர்வையைப் போர்த்திக்கொள்கின்றன. இங்கே வெப்ப இயக்கவியல் வகுப்பு நினைவுக்கு வர வேண்டும். மெழுகுப் பரப்பின் அருகில் நீர் மூலக்கூறுகள் வேண்டாவெறுப்பாக வரிசை கட்டி நிற்கின்றன. புரதம் வந்து ஒட்டினால் அவை விடுதலை பெறும், என்ட்ரோபி கூடும். எனவே ஒட்டுதல் தானாக நடக்கிறது. நீர்ப்போர்வை போர்த்த பரப்பிலோ நீரைப் பிய்த்தெடுக்கவே ஆற்றல் செலவாகிறது. புரதம் வந்து உரசிவிட்டுப் போய்விடுகிறது, உருக்குலையாமல். பழுத்த புளியம்பழமும் ஓடும் போல! ‘நீர் ஒட்டாத பரப்பில் புரதமும் ஒட்டாது’ என்று நினைப்பது இயல்புதான். உண்மை நேர்மாறாக இருக்கிறது. நீரோடு நெருங்கிய பரப்பில்தான் புரதத்துக்கு இடமில்லை.

இந்த வழியில் சென்றவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் கசுஹிகோ இஷிஹாரா. பாஸ்போரில்கோலினைத் தாங்கிய ஒரு பலபடியை எளிதாகவும் தூய்மையாகவும் தயாரிக்கும் முறையை அவரும் அவருடைய துணைவர்களும் 1990-இல் வெளியிட்டார்கள். இன்று கண்ணோடு ஒட்டி அணியும் வில்லைகளிலும், இரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்களிலும், ஜப்பானில் செயற்கை இடுப்பு மூட்டிலும் இவ்வகைப் பொருள் பயன்பட்டிருக்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பழைய நீர்விரும்பிப் பூச்சும் உண்டு. அதுவும் நல்லதே, ஆனால் ஆக்சிஜனேற்றத்தால் நாளடைவில் சிதையக்கூடியது.

குடுவைத்தாவரம் என்னும் பூச்சி தின்னும் செடியையும் சிலர் பின்பற்றினார்கள். நம் மேகாலயாவில் காசி மலைப் பகுதியில் வளரும் இனமும் இக்குடும்பத்தது. அதன் வாய் விளிம்பில் கால் வைத்த எறும்பு வழுக்கி உள்ளே விழும். 2011-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஜோவன்னா ஐசன்பர்க் குழுவினர் இதைப் பார்த்து, வழவழப்பான திரவம் ஒன்றைத் துளையுள்ள பரப்பில் தேக்கிக் காட்டினார்கள். 2014-இல் மருத்துவக் குழாய்களில் அதைப் பூசி, பன்றிகளில் ஹெபாரின் இல்லாமலே எட்டு மணி நேரம் இரத்தம் ஓடியதை வெளியிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செடியின் விளிம்பில் இருப்பது தண்ணீர்ப்படலம். இவர்கள் தேக்கியதோ ஃபுளோரின் ஏறிய எண்ணெய் போன்ற திரவம். செடி சொன்னது ஒன்று, சீடர் கேட்டது ஒன்று. அத்திரவம் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் பின்னாலேயே வருகிறது.

ஒட்டாத பூச்சைச் செய்வோருக்கு இன்னொரு தர்மசங்கடம் உண்டு. எதுவும் தன்மேல் ஒட்டாத பூச்சு, தான் மட்டும் கருவியின்மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ள வேண்டும்! இங்கே கைகொடுத்தது பாறையில் அலைக்கு அசையாமல் ஒட்டி வாழும் மட்டி. அதன் பசையில் உள்ள வேதிப்பொருளை ஒத்த டோபமைனைக் காரக் கரைசலில் விட்டால் எஃகு, கண்ணாடி, பிளாஸ்டிக் எதன்மேலும் பழுப்பு நிறப் படலமாகப் படிகிறது என்று 2007-இல் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர் காட்டினார்கள். அதன்மேல் நீர்விரும்பிப் பலபடியைக் கட்டலாம். அடியில் மட்டி, மேலே சிவப்பணு. நம் முட்டைப்பூச்சுக்கு அடியில் கரடுமுரடான காரை இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பூச்சு வேலைக்காரர் எவரும் வழவழப்பை முதல் அடுக்கிலேயே தேட மாட்டார்.

அடுத்து, சோதனை. என் கட்சியின் இந்தப் பகுதியில்தான் எனக்கு வேகம் அதிகம். பூச்சு பற்றிய கட்டுரைகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே சோதனை: மாட்டு அல்புமினைக் கரைசலாக்கி, பூசிய தகட்டை அதில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு ஒட்டியது என்று அளப்பது. அல்புமின் மலிவு, எளிதில் கிடைக்கும், நன்றாகக் கரையும். இதே அல்புமினை உயிர்வேதியியல் சோதனைச்சாலைகளில் வேறொரு வேலைக்கும் வைத்திருக்கிறார்கள்: பிற புரதங்கள் ஒட்டாதிருக்கப் பாத்திரத்தின் மேற்பரப்பை முன்கூட்டியே மூடிவைக்க! அதாவது இரத்தக் கூட்டத்திலேயே மிகச் சாதுவான ஆளைக் கூப்பிட்டு, ‘நீ வம்பு செய்வாயா?’ என்று கேட்டு, ‘மாட்டேன்’ என்றதும் ஊரே அமைதி என்று முடிவு கட்டுகிறோம். வம்பு செய்கிற ஃபைப்ரினோஜனைக் கூப்பிடுவதில்லை. அது சதுர சென்டிமீட்டருக்கு 10 நானோகிராம் அளவு படிந்தாலே இரத்தத் தட்டுகள் வந்து ஒட்டப் போதும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 90 விழுக்காடு குறைத்துவிட்டோம் என்று பெருமைப்படுவதற்கு முன், மீதிப் பத்து விழுக்காடு எத்தனை நானோகிராம் என்று கேட்க வேண்டாமா?

திருவனந்தபுரத்தார் வால்வு செய்தபோது மூன்று மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நீலக்கல் படிகத்தால் ஆன தகடு வைத்த மாதிரிகூடக் கைவிடப்பட்டது. ஆட்டின் இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான்காவது மாதிரிதான் மனிதனுக்கு வந்தது. எளிய சோதனையோடு நின்றிருந்தால் முதல் மாதிரியே வென்றிருக்கும்.

இந்தப் பாடத்துக்குத் திருவனந்தபுரம்வரைகூடப் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. ‘சிக்ரி’ என்றால் ஆட்டோக்காரர் அனைவருக்கும் தெரியும். துருப்பிடித்தலை ஆராயும் அந்நிலையத்தார் உப்புக் கரைசல் குடுவையோடு நின்றுவிடவில்லை. மண்டபத்தில் நிலையம் அமைத்து, உலோகத் தகடுகளை உண்மையான கடலுக்கும் உப்புக் காற்றுக்கும் கொடுத்து நாட்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடலில் மூழ்கிய தகட்டிலும் முதலில் படிவது புரதமும் சர்க்கரைப் பொருள்களும் கலந்த மெல்லிய படலமே. பிறகு கிருமி, பிறகு பாசி, பிறகு கொட்டலசு. இரத்தத்தில் நடப்பதன் உறவுக்காரக் கதை. கடலுக்குச் செய்கிற நேர்மையை இரத்தத்துக்கும் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் நாட்டுக்கென்று வேறு சில நிபந்தனைகளும் உண்டு. மேனாட்டுக் கட்டுரைகளில் இவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பூச்சு பூசிய குழாய் சித்திரை வெயிலில் சிவகங்கை மாவட்டத்துக் கிடங்கு ஒன்றில் கிடக்கும். கிருமி நீக்க 121 பாகை நீராவியிலோ, எத்திலீன் ஆக்சைடு வாயுவிலோ, காமாக் கதிரிலோ வைப்பார்கள். சுத்திகரிப்பு உருளையானால் கழுவி மீண்டும் பயன்படுத்துவார்கள். இவ்வளவும் பட்டபின் நீர்ப்போர்வை மிஞ்சுமா? புதுப் பூச்சின் எண்ணை மட்டும் வெளியிட்டுப் பயனில்லை. பத்தாவது கழுவலுக்குப் பிந்திய எண் வேண்டும். விலையும் ஒரு நிபந்தனைதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் வில்லையை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த பின்னர், ‘நம்மால் மலிவாகச் செய்ய முடியாது’ என்று கூறுவது எடுபடாது.

‘இதெல்லாம் பெரிய நிலையங்களின் வேலை, பி.எஸ்ஸி. மாணவருக்கு என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நானோகிராம் அளக்கும் குவார்ட்ஸ் தராசு நம்மிடம் இல்லை. படிகத்தின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று காட்டும் அந்தக் கருவி மின்வேதியியலாருக்குப் பழக்கமானது. துறைத் தலைவர் மூலம் முறையாக எழுதிக் கேட்கலாம். அதுவரை நம் சோதனைச்சாலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எவர்சில்வர் தகடுகள் சில. கொஞ்சம் வெறுமையாக, கொஞ்சம் மெழுகு பூசி, பாக்கி நீர்விரும்பிப் பூச்சோடு. அல்புமின் புட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, உண்மையான இரத்தத்தில் அவற்றை ஒரு நாள் வைத்து, எடுத்து அலசி, ஒட்டியதைச் சலவைப்பொருள் கரைசலில் பெயர்த்து, அக்கரைசலுக்கு ஏற்ற புரத நிறச் சோதனை செய்து நிறமானியில் பார்ப்பது. பத்துத் தகட்டை ஒன்றாகச் சேர்த்தால் மைக்ரோகிராம் அளவு வந்துவிடும். நம் நிறமானிக்கு அது போதும். உறைதலை இதில் பார்க்க முடியாது, ஒட்டுதலைப் பார்க்கலாம். ஆட்டு இரத்தம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கறிக்கடையிலும் கிடைக்கும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ள வேண்டும். உறையாமலிருக்கச் சேர்க்க வேண்டிய சோடியம் சிட்ரேட் நம் சோதனைச்சாலையில் இடப்பக்க அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது.